கிரிப்பன் ஏன் விழுந்தது? ஸ்டாக்ஹோம் 1993: ஒரு நிகழ்வு ஆய்வு

1993 ஆகஸ்ட் 8, ஞாயிற்றுக்கிழமை. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் தண்ணீர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஏரிக்கரையிலும் வேஸ்டர்புரோன் பாலத்தின் மேலும் பல்லாயிரம் பேர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். மேலே ஜாஸ் 39 கிரிப்பன் பறந்தது. அந்த நாடு தானே வடிவமைத்த போர் விமானம் அது. ஜூன் 8 அன்றுதான் விமானப்படையிடம் ஒப்படைத்திருந்தார்கள், அதாவது கைக்கு வந்து சரியாக இரண்டு மாதம். ஓட்டியவர் அதைத் தயாரித்த சாப் நிறுவனத்தின் சோதனை விமானி லார்ஸ் ரோடஸ்ட்ரோம்.

தாழ்வாக, மெதுவாக ஒரு வட்டமடித்துவிட்டு விமானத்தை நேராக்கினார். நேராக வேண்டிய விமானம் மறுபக்கம் சாய்ந்தது. அவர் திருத்தினார். திருத்தம் அளவு மீறிப் போனது. மூக்கு விருட்டென்று மேலே நிமிர்ந்தது, வேகம் செத்தது, அப்புறம் விமானம் கிட்டத்தட்டப் படுத்த வாக்கிலேயே கீழே இறங்க ஆரம்பித்தது. ரோடஸ்ட்ரோம் எஜெக்ஷன் சீட்டை இழுத்து வெளியேறி உயிர் தப்பினார். ஆளில்லாத விமானம் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லோங்ஹோல்மன் தீவில் மரங்களுக்கிடையே விழுந்து எரிந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் காயம்பட்டது ஒரே ஒருவர். அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏற்பாட்டின் பலன் என்று சொல்ல முடியாது.

இதே விமானி, இதே ரக விமானத்தின் முதல் மாதிரியை 1989இல் தரையிறக்கும்போதும் விபத்தில் சிக்கியவர். இரண்டு முறையும் கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

போர் விமானங்களின் வளைந்து திரும்பும் திறனைப் பற்றிப் பேசும்போது நாம் எண்ணுவது எத்தனை ஜி (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை) தாங்கும், எஞ்சினுக்கு எவ்வளவு உந்துவிசை, எவ்வளவு குறுகிய வட்டத்தில் திரும்பும் என்பவற்றைத்தான். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் பலகை ஒரு நொடியில் எத்தனை டிகிரி அசையும் என்று யாரும் கேட்பதில்லை. கிரிப்பன் இடறியது அந்த எண்ணில்தான்.

நிலைகுலைந்த விமானத்தை வேண்டுமென்றே கட்டுவது

பயணிகள் விமானம் காற்றில் தானாகவே நேராக நிற்கும்படி கட்டப்படுகிறது. காற்று மூக்கைக் கொஞ்சம் தூக்கினால் வால் அதைத் திரும்பக் கீழே அழுத்திவிடும். எடையின் மையம் முன்னால், காற்று தூக்கும் விசையின் மையம் பின்னால் என்று வைப்பதால் கிடைக்கும் குணம் இது. பயணத்துக்கு இது நல்லது. சண்டைக்கு ஆகாது. மூக்கைத் திருப்ப நினைக்கும்போதெல்லாம் விமானமே எதிர்த்து நிற்கும். போதாக்குறைக்கு, மூக்கைச் சமமாக வைத்திருக்க வால் எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருப்பதால் தூக்குவிசையில் ஒரு பங்கு வீணாகிறது.

அதனால் 1970களிலிருந்து போர் விமானம் கட்டுபவர்கள் எடையின் மையத்தைப் பின்னால் தள்ளத் தொடங்கினார்கள். மூக்கு ஒரு டிகிரி தூக்கினால் அது இன்னும் தூக்கவே பார்க்கும், யாரும் பிடிக்காவிட்டால் கண்மூடித் திறப்பதற்குள் பல மடங்காகிவிடும். துடைப்பக்கட்டையை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கட்டை விழப் பார்க்கும் பக்கமெல்லாம் கை முந்திக்கொண்டு ஓட வேண்டும். ஓடும்வரை கட்டை நிற்கும், அதோடு எந்தப் பக்கம் சாய்க்க நினைத்தாலும் சட்டென்று சாயும். கைக்கு ஓடும் வேகம் போதாவிட்டால் ஆட்டம் முடிந்தது.

விமானத்தில் இந்தக் கை கம்ப்யூட்டர். விமானி ஸ்டிக்கை அசைக்கும்போது எந்தப் பலகையும் நேரடியாக அசைவதில்லை. அவர் ஒரு வேண்டுகோள் வைக்கிறார், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் அதை வாங்கி, விமானம் இப்போது எந்தக் கோணத்தில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்த்து, பலகைகளை அசைக்கும் ஹைட்ராலிக் இயக்கிகளுக்கு உத்தரவு போடுகிறது. ஃபிளை-பை-வயர் என்று சொல்வது இதைத்தான்.

கிரிப்பன் இந்த வகையில் ஒரு அழகான படைப்பு. ஒற்றை எஞ்சின், சுமார் 14 மீட்டர் நீளம், எட்டரை மீட்டருக்கும் குறைவான இறக்கை அகலம். முக்கோண வடிவ டெல்டா இறக்கை, அதற்கு முன்னால் விமானி அறையை ஒட்டி இரண்டு சிறு இறக்கைகள், கானார்ட் என்பார்கள். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்க, மூன்று தடங்களில் ஓடும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு அமைப்பு. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் எலிவான் பலகைகளுக்கு இரண்டு வேலை. இரண்டு பக்கமும் ஒரே திசையில் அசைந்தால் மூக்கு ஏறும் அல்லது இறங்கும், எதிரெதிர்த் திசையில் அசைந்தால் விமானம் பக்கவாட்டில் உருளும். ஒரே பலகை இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

முதல் அடி, 1989

கிரிப்பன் முதன்முதலில் பறந்தது 1988 டிசம்பர் 9இல், ஸ்டிக் ஹோல்ம்ஸ்ட்ரோம் ஓட்ட, 51 நிமிடம். எல்லாம் நன்றாகப் போனது. 1989 பிப்ரவரி 2 அன்று ஆறாவது பறப்பு. ரோடஸ்ட்ரோம் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் நகரில் தரையிறங்க வந்தார். காற்று ஒழுங்காக வீசவில்லை. ஓடுபாதையை நெருங்கும்போது மூக்கு மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது. அவர் அடக்கப் பார்க்கப் பார்க்க ஆட்டம் பெரிதானது. விமானம் தரையில் மோதி, உருண்டு, தலைகீழாகப் போய் நின்றது. முழங்கை எலும்பு முறிவோடு அவர் பிழைத்துக்கொண்டார். ஸ்வீடன் தொலைக்காட்சிக் குழு அதைப் படம் பிடித்திருந்தது. வரிப்பணத்தில் கட்டிய விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு புரளும் காட்சி அன்று இரவே வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது.

விசாரணை கண்டது இதுதான்: விமானியின் திருத்தமும் விமானத்தின் பதிலும் தாளம் தப்பிப் போயின. அவர் கீழே என்று சொன்னது அமலுக்கு வரும் நேரத்தில் விமானத்துக்குத் தேவைப்பட்டது மேலே. சோதனை விமானிகளின் உலகில் இதை பிஐஓ என்பார்கள், விமானியே அறியாமல் தூண்டும் ஊசலாட்டம். மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவானது.

சாப் அமெரிக்காவின் கால்ஸ்பன் நிறுவனத்தோடு சேர்ந்து மென்பொருளைத் திருத்தியது. திருத்தத்தைச் சோதிக்க என்டி-33 ஏ என்ற பழைய பயிற்சி ஜெட்டைப் பயன்படுத்தினார்கள். வெளியே பார்க்க அரதப் பழசு. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரால் அது வேறொரு விமானம் போலவே நடந்துகொள்ளும். பதினைந்து மாதத்துக்குப் பிறகு கிரிப்பன் மறுபடி பறந்தது. அடுத்த மூன்று ஆண்டுகள் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. கோளாறு சரியாகிவிட்டது என்ற நம்பிக்கை எல்லோருக்கும் வந்துவிட்டது. பாதி சரிதான்.

மெதுவாகப் பறப்பதுதான் கடினம்

சாகசக் காட்சியில் கூட்டம் கைதட்டுவது காது கிழிய வேகமாகப் போகும்போது. விமானிக்கு வியர்ப்பது மெதுவாகப் போகும்போது. வேகம் இருந்தால் காற்று பலகையைப் பலமாகத் தள்ளும், எனவே கொஞ்சம் அசைத்தாலே போதும். வேகம் குறைந்தால் அதே பலனுக்குப் பலகையை நிறைய, வேகமாக அசைக்க வேண்டும். இறக்கையும் மூக்கைத் தூக்கிய நிலையில் காற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். இன்னும் சில டிகிரி தூக்கினால் காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். அதைத்தான் ஸ்டால் என்கிறோம். உயரம் இருந்தால் ஸ்டாலிலிருந்து மீளலாம். காட்சிப் பறப்பில் உயரம் இருக்காது.

அன்று ரோடஸ்ட்ரோம் இருந்தது முந்நூறு மீட்டருக்கும் தாழ்வாக, மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில். மூக்கு இருபது டிகிரி அளவுக்குக் காற்றை எதிர்த்து நிமிர்ந்திருந்தது. எஞ்சினுக்குக் கூடுதல் உந்துவிசை தரும் ஆஃப்டர்பர்னர் எரிந்துகொண்டிருந்தது. இடப்பக்கத் திருப்பம் முடிந்தது. இனி விமானத்தைச் சமமாக்கி வேகம் பிடிக்க வேண்டும். அதற்காக ஸ்டிக்கை வலப்பக்கம் வெட்டினார், கூடவே மூக்கையும் இறக்கப் பார்த்தார். கிரிப்பனின் ஸ்டிக் சிறியது, இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கும், கொஞ்ச தூரம்தான் அசையும். கை சற்று வேகமாகப் போனாலே கடைசி வரை போய்விடும்.

இப்போது உள்ளே நடந்ததைப் பார்ப்போம். ஹைட்ராலிக் இயக்கிக்கு ஓர் உச்ச வேகம் உண்டு. பேச்சுக்கு நொடிக்கு ஐம்பது டிகிரி என்று வைத்துக்கொள்வோம். விமானியின் வேகமான உத்தரவு நொடிக்கு எண்பது டிகிரி கேட்கிறது. பலகை ஐம்பதிலேயே போகும், மீதிப் பாக்கி சேர்ந்துகொண்டே இருக்கும். விமானி ஸ்டிக்கைத் திருப்பி மறுபக்கம் தள்ளும்போதும் பலகை உடனே திரும்பாது. பழைய பாக்கியைத் தீர்க்க இன்னும் முன்திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். விமானிக்குத் தெரிவது ஒன்றுதான்: சொன்ன பேச்சை விமானம் கேட்கவில்லை. மனிதர் எவரானாலும் என்ன செய்வார்? இன்னும் பலமாகச் சொல்வார். பாக்கி இன்னும் கூடும்.

சாதாரண விமானத்தில் இது எரிச்சலோடு நின்றுவிடும். ஸ்டிக்கை விட்டுவிட்டால் அது தானாக நேராகும். கிரிப்பன் போன்றதில் அப்படி நிற்காது. ஏனென்றால் விமானி கேட்பதைச் செய்யும் அதே பலகைகள்தான் நொடிக்குப் பலமுறை நுணுக்கமாக அசைந்து விமானத்தை விழாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இயக்கியின் முழு வேகத்தையும் உருள்வதற்கான உத்தரவு விழுங்கிவிட்டால், மூக்கைப் பிடித்து வைக்க மிச்சம் எதுவும் இருக்காது. பக்கவாட்டில் தொடங்கிய சிக்கல் மூக்குக்குத் தாவியது இப்படித்தான். 1989இல் மூக்குக்கான மென்பொருளைத் திருத்தினார்களே, அந்தத் திருத்தம் இயக்கிக்கு நேரம் கிடைத்தால்தான் வேலை செய்யும். நேரம் கிடைக்கவில்லை.

விமானி அறையில் இதற்கு ஒரு எச்சரிக்கை விளக்கு இருந்தது. கட்டுப்பாடு உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று சொல்லும் விளக்கு. அது எரிந்தது, ஆனால் விமானி எதுவும் செய்ய முடியாத அளவுக்குத் தாமதமாக எரிந்தது. நேரத்தோடு எரிந்திருந்தாலும் என்ன செய்வது? கையை எடு என்பதுதான் சரியான பதில். தரை முந்நூறு மீட்டரில் இருக்கும்போது, விமானம் தாறுமாறாக ஆடும்போது, ஸ்டிக்கிலிருந்து கையை எடுப்பது எந்த விமானிக்கும் இயல்பாக வராது. கட்டுப்பாடு கைவிட்டுப் போனதிலிருந்து அவர் வெளியேறும் வரை சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளில் வெளியேற முடிவெடுத்ததே அன்று நடந்த மிகச் சரியான செயல் என்று நான் நினைக்கிறேன்.

தெரிந்தே விட்டது

விசாரணைக் குழு சொன்னதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, விமானியின் பெரிய, வேகமான ஸ்டிக் அசைவுகளைக் கட்டுப்பாட்டு அமைப்பு அளவுக்கு மீறிப் பெருக்கியது. இரண்டாவது என்னை அதிகம் உறுத்துகிறது. அப்படிப்பட்ட அசைவுகள் கட்டுக்கடங்காத ஊசலாட்டத்தைக் கிளப்பலாம் என்பது தயாரித்தவர்களுக்கும் தெரியும், வாங்கியவர்களுக்கும் தெரியும். நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று முடிவுகட்டி, எல்லா விமானிகளுக்கும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

வாய்ப்பு குறைவு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? சாதாரணப் பயிற்சிப் பறப்புகளிலிருந்து. உயரத்தில், நல்ல வேகத்தில், நிதானமான கையோடு பறக்கும்போது அந்த நிலை வரவே வராது. வருவது எப்போது? தாழ்வாக, மெதுவாக, கூட்டத்துக்கு முன்னால், அடுத்த சாகசத்துக்கு அவசரமாகத் தயாராகும்போது. இல்லாவிட்டால் எதிரி துரத்தும்போது. போர் விமானம் எந்த வேலைக்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையில்தான் அது வரும். அப்படியிருக்க அதை அரிதான நிலை என்று ஒதுக்கியது எனக்குப் புரியாத கணக்கு.

விமானியைக் குறை சொல்பவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். ஸ்டிக்கை அவ்வளவு முரட்டுத்தனமாக அசைத்திருக்கக் கூடாதாம். ஆனால் எந்த வேகத்துக்கு மேல் அசைக்கக் கூடாது என்ற எல்லையை அவருக்கு யாரும் கோடு போட்டுக் காட்டவில்லை. ஸ்டிக்கின் இறுக்கத்திலும் அது தெரியாது. இந்த விமானங்களின் பெருமையே கவலையில்லாமல் ஓட்டலாம் என்பதுதான். எவ்வளவு இழுத்தாலும் கம்ப்யூட்டர் எல்லையைத் தாண்ட விடாது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அதை நம்பி இழுத்தவரைக் குற்றம் சொல்வது நியாயமாகப் படவில்லை.

ஸ்டாக்ஹோமுக்கு முன்னும் இருந்தது

ஸ்வீடன்காரர்கள் மட்டும் இதில் தடுக்கி விழவில்லை. 1974 ஜனவரி 20 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் எஃப்-16இன் முன்னோடியான ஒய்எஃப்-16 ஓடுபாதையில் வேகமாக ஓடும் சோதனை மட்டுமே செய்ய வேண்டியிருந்தது. பறக்கும் திட்டமே இல்லை. விமானி ஃபில் ஓஸ்ட்ரிக்கர் ஸ்டிக்கைத் தொட்டதும் விமானம் பக்கவாட்டில் ஆடி, வாலின் ஒரு பகுதி தரையில் உரசியது. ஓடுபாதையை விட்டு விலகப் போவது தெரிந்ததும் அவர் வேறு வழியில்லாமல் விமானத்தை மேலே ஏற்றிவிட்டார். சில நிமிடம் சுற்றி வந்து பத்திரமாக இறக்கினார். எஃப்-16இன் உண்மையான முதல் பறப்பு அதுதான். அதிகாரப்பூர்வமான முதல் பறப்பு பிப்ரவரி 2 அன்று நடந்தது.

1992 ஏப்ரல் 25 அன்று அதே எட்வர்ட்ஸில் எஃப்-22இன் முன்னோடியான ஒய்எஃப்-22. டாம் மார்கன்ஃபெல்ட் ஓடுபாதையின் மேல் தாழ்வாக வந்து மறுபடி மேலே ஏற முயன்றபோது மூக்கு ஊசலாடத் தொடங்கியது. சக்கரங்களை மடக்கிய நிலையில் விமானம் வயிற்றால் தரையில் மோதி, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிப் போய்த் தீப்பிடித்தது. அவருக்குப் பெரிய காயமில்லை. ஸ்டாக்ஹோம் விபத்துக்கு ஒன்றரை ஆண்டுகூட முந்தாத சம்பவம். அப்போதே எல்லோரும் தங்கள் மென்பொருளைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

இங்கே சோவியத் போர் விமானமான சுகோய்-27 காட்டிய கோப்ரா என்ற வித்தையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1989 ஜூனில் பாரிஸ் அருகே லெ பூர்ஷே கண்காட்சியில் விக்டர் புகச்சோவ் விமானத்தின் மூக்கைச் செங்குத்தையும் தாண்டிப் பின்னால் சாய்த்து, உயரம் பெரிதாக மாறாமலே மறுபடி முன்னால் கொண்டுவந்தார். உலகம் வாயைப் பிளந்தது. அதைச் செய்ய அவர், மூக்கு அளவு மீறி நிமிராமல் தடுக்கும் கோண வரம்பு காவலைத் தானே அணைத்துவிடுவார். எந்தக் காவல் இல்லை என்பது விமானிக்கு முன்கூட்டியே தெரியும், நுழையும் வேகமும் உயரமும் ஒத்திகை பார்த்தவை. கிரிப்பனில் காவல் இருக்கிறது என்று விமானி நம்பினார், அது நடுவழியில் கைவிட்டது. வெளியே பார்க்க இரண்டிலும் மூக்குதான் நிமிர்கிறது.

அதே லெ பூர்ஷே கண்காட்சியில் ஜூன் 8 அன்று அனடோலி குவோச்சூர் ஓட்டிய மிக்-29 என்ற சோவியத் போர் விமானம் விழுந்தது. மெதுவாக, மூக்கைத் தூக்கி, தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தபோது ஓர் எஞ்சினுக்குள் பறவை புகுந்தது. தரைக்கு மிக அருகில் வெளியேறி அவரும் பிழைத்தார். காரணம் முற்றிலும் வேறு, ஆனால் சிக்கிய இடம் அதே மெதுவான மூலை.

இன்னொன்று, ஸ்வீடன்காரர்களுக்கு இது புது வித்தையும் இல்லை. 1960களிலேயே அவர்களுடைய டிராக்கன் என்ற பழைய போர் விமானத்தின் விமானிகள் கோப்ராவுக்கு நெருங்கிய ஒரு வித்தையைச் செய்துகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். டிராக்கன் ஆழமான ஸ்டாலில் மாட்டிக்கொள்ளும் விமானம் என்பதால் அதிலிருந்து மீளப் பயிற்சி எடுத்தார்கள், அந்தப் பயிற்சியிலிருந்து பிறந்த வித்தை அது. எல்லை எங்கே என்று அவர்கள் தெரிந்துகொண்டது எல்லையைத் தாண்டித் தாண்டித் திரும்பி வந்துதான்.

பாக்கியை எப்படித் தீர்த்தார்கள்

கிரிப்பன் பறப்புகள் சில மாதம் நிறுத்தப்பட்டு 1993 டிசம்பரில் மீண்டும் தொடங்கின. நிரந்தரத் தீர்வு வர இன்னும் கொஞ்சம் ஆனது. அதில் சுவையான பகுதி சாப் பொறியாளர்கள் இயக்கியின் வேக வரம்பையே புத்திசாலியாக்கியது. முன்பு, உத்தரவு திசை மாறினாலும் பலகை பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் திரும்பும். புதிய முறையில் உத்தரவு திசை மாறிய கணமே பலகையும் திசை மாறும். கேட்ட அளவு கிடைக்காமல் போகலாம், ஆனால் கேட்ட நேரத்தில் கிடைக்கும். ஊசலாட்டத்தைப் பொறுத்தவரை அளவு குறைவதைத் தாங்கலாம், தாமதத்தைத் தாங்க முடியாது. புதிய இயக்கி எதுவும் வாங்காமல், எடை ஒரு கிராம்கூடக் கூடாமல், மென்பொருளில் மட்டும் செய்த வேலை. இதைப் பற்றி அவர்கள் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார்கள். ஒளித்து வைக்காமல் வெளியிட்டதற்கு ஒரு சபாஷ் போடலாம்.

சோதிக்கும் முறையும் மாறியது. நிதானமான கையோடு ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாகப் பறக்கிறது என்று எழுதினால் போதாது. சோதனை விமானி ஸ்டிக்கை மூலைக்கு மூலை முட்டும் அளவுக்கு, விமானத்துக்கு எந்தத் தாளம் மிக மோசமோ அந்தத் தாளத்தில் வேண்டுமென்றே ஆட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் விமானம் விழாமல் இருந்தால்தான் தேர்ச்சி. கேட்கக் குழந்தைத்தனமாக இருக்கும். 1989க்குப் பிறகு யாராவது இதைக் குறைந்த வேகத்தில் முழுமூச்சாகச் செய்திருந்தால் ஸ்டாக்ஹோம் நடந்திருக்காது என்று தோன்றுகிறது.

கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலைநகரின் நடுவே, பாலத்தில் ஆட்கள் நிற்க, சேவைக்கே முழுதாக வராத ஒரு ரகத்தை அந்த உயரத்தில் ஆட விட்டது தவறான முடிவு. விமானம் எவ்வளவு நல்லதானாலும் தவறு தவறுதான். 2024 அக்டோபரில் சென்னை மெரினாவில் நடந்த விமானப்படைக் காட்சியில் சாகசங்களைக் கடலின் மேல் வைத்தார்கள். விழுந்தால் தண்ணீரில் விழட்டும் என்ற இந்த ஏற்பாடு அழகுக்காக மட்டும் செய்வதில்லை. அன்று மெரினாவில் உயிர்கள் போனது வானத்தால் அல்ல, வெயிலாலும் நெரிசலாலும். அது வேறு விசாரணை.

சூலூர் வரை

கிரிப்பன் விழுந்த அந்த ஆண்டுகளில்தான் பெங்களூரில் இந்தியாவின் தேஜஸ் போர் விமானத்தின் கட்டுப்பாட்டு விதிகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். தேஜஸும் நிலைகுலைந்த விமானம்தான், டெல்டா இறக்கைதான். கிரிப்பனுக்கு இருக்கும் கானார்ட்கூட இதற்குக் கிடையாது. மூக்கை ஏற்றுவது, உருள்வது இரண்டும் எலிவான்களின் தலையில். ஆகவே இரண்டு எஜமானர் சிக்கல் இங்கே இன்னும் கூர்மையானது.

அந்த விதிகளை நேரடியாகத் தேஜஸில் ஏற்றிவிடவில்லை. 1996இல் அமெரிக்காவில் எஃப்-16 விஸ்டா என்ற விமானத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். என்டி-33 ஏ கிரிப்பனுக்குச் செய்த வேலையை இது தேஜஸுக்குச் செய்தது, எஃப்-16 உடம்பில் தேஜஸின் மூளை. 1998 மே மாதப் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்தது, அங்கே வேலை செய்துகொண்டிருந்த இந்தியப் பொறியாளர்கள் திரும்பி வர வேண்டியதாயிற்று. மீதியைப் பெங்களூரிலேயே முடித்தார்கள். கிரிப்பனின் மூன்று தடங்களுக்குப் பதில் இங்கே நான்கு தடங்கள். 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் அதை முதன்முறை மேலே ஏற்றினார். தாமதம், தாமதம் என்று ஊரே திட்டிய திட்டம் அது. திட்டியதில் நியாயமும் உண்டு. ஆனால் சோதனைக் காலத்திலேயே மாதிரி விமானத்தை இழந்த கிரிப்பனுக்கும் ஒய்எஃப்-22க்கும் நேர்ந்தது தேஜஸின் சோதனைப் பறப்புகளில் நேரவில்லை என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

இன்று தேஜஸ் விமானங்கள் கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் இருக்கின்றன. 2025 நவம்பர் 21 அன்று துபாய் கண்காட்சியில் சாகசம் செய்துகொண்டிருந்த ஒரு தேஜஸ் விழுந்து விமானி உயிரிழந்தார். அந்த விபத்தை ஸ்டாக்ஹோமின் அச்சில் வார்த்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. தாழ்வான உயரம், கூட்டத்தின் கண் முன்னால் என்ற இரண்டு ஒற்றுமைகளை வைத்துக்கொண்டு காரணம் சொல்ல ஆரம்பித்தால், குவோச்சூரின் பறவையையும் கிரிப்பனின் மென்பொருளையும் ஒரே பட்டியலில் போட்டுவிடுவோம்.

தஞ்சாவூரில் நிற்கும் சுகோய்-30 எம்கேஐ விமானங்களில் எஞ்சினின் பின்வாயே திரும்பும். காற்றோட்டம் இறக்கையை விட்டுப் போன பிறகும் எஞ்சின் தள்ளும் திசையை வைத்து மூக்கைத் திருப்பலாம். மெதுவான மூலையில் பலகைகள் கைவிடும்போது உதவ இன்னொரு கை கிடைத்த மாதிரி. ஆனால் அந்தப் பின்வாயைத் திருப்புவதும் ஓர் இயக்கிதான். அதற்கும் நொடிக்கு இத்தனை டிகிரி என்ற உச்ச வேகம் உண்டு.